பட்டினி கிடக்காத எலிகள்

சிவமயம்

அம்பிட்டிய,
கண்டி.
06.02.1994

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மார்கழியில் எழுதிய கடிதம் செஞ்சிலுவைக்காரரின் கப்பலில் ஏறி, கொழும்பில் எங்கேயோ ஒரு மாதம் படுத்துக் கிடந்துவிட்டு, போன செவ்வாய்க்கிழமைதான் என் கைக்கு வந்து சேர்ந்தது. நீங்களும் அத்தானும் உரும்பிராயில் சுகமாக இருக்கிறீர்கள் என்று முதல் வரியில் வாசித்ததும் எனக்கும் பாமாவுக்கும் பெரிய சந்தோஷம். அந்தச் சந்தோஷம் நாலாம் பக்கம் வரைக்கும்தான் நீடித்தது. அத்தானின் சைக்கிளுக்கு ரியூப் கிடைக்காத கதைக்கும், பக்கத்து வீட்டுக் கந்தையா மாஸ்டரின் பூசணிக்கொடிக் கதைக்கும் நடுவில், "வயித்தெரிவு கொஞ்சம் இருக்கு, பெரிசா ஒண்டுமில்லை" என்று ஒளித்து வைத்திருக்கிறீர்கள். உங்களுடைய "கொஞ்சம்" எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? போன வருடம் இரத்தமாகச் சத்தி எடுத்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் "கொஞ்சம் களைப்பு" என்றுதான் எழுதினீர்கள். அத்தான் தனியாக எழுதியிராவிட்டால் எனக்கு இன்றைக்கும் தெரிந்திராது. எனக்குக் கோபம் வருகிறது, அக்கா. அதைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் இங்கத்தைய புதினங்களைச் சொல்கிறேன்.

இங்கே எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. தமிழர் பதியவேண்டும் என்றதால் பொலிஸில் பெயர் பதிந்தாயிற்று. வீட்டுக்காரச் சிங்கள மனிதர் முன்னால் நின்று கையெழுத்துப் போட்டார். பாமாவுக்கு அம்பிட்டியக் குளிர் இன்னும் பழகவில்லை. என்னுடைய பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் காலையில் தேங்காய் துருவுகிறாள். போன போயா விடுமுறை நாளன்று இரண்டு பேரும் டவுனுக்கு இறங்கி ஆஸியா உம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். "ஒங்கட ராத்தாக்கு சலாம் சொல்லுங்க மகன்" என்று உங்களை விசாரித்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் பதினொரு நாள் என்னை உள்ளறையில் வைத்துச் சோறு போட்ட மனுஷி. நான் அங்கே மூன்று வேளையும் சாப்பிட்டுக் கொழுத்துக்கொண்டிருக்க, நீங்கள் ஒரு செய்தியும் தெரியாமல், தம்பி உயிரோடு வந்தால் வாழ்நாள் முழுக்க வெள்ளிக்கிழமை பட்டினி விரதம் என்று நல்லூர்க் கந்தனுக்கு நேர்ந்துவிட்டீர்கள். இத்தனை வருடமாகியும் விடவில்லை. அதைப் பற்றி உங்களோடு சண்டை பிடித்து நான் களைத்துவிட்டேன்.

இனி என் வேலைக்கு வருகிறேன். ஆய்வுகூடத்தில் என்னை இப்போது எலிகளுக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். எங்கள் மேடம் போன வருடம் அவுஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்து தொடங்கியிருக்கும் ஆராய்ச்சி இது, உங்களுடைய வயிற்றைப் பற்றியதும்தான். வயிற்றுப்புண் மிளகாய்த்தூளாலும் மனக்கவலையாலும் வருகிறது என்றுதானே நாங்கள் எல்லோரும், டொக்டர்மார் உட்பட, நம்பியிருந்தோம். அப்படியில்லையாம். இரைப்பையின் புளிப்புக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருக்கிற ஒரு சுருட்டைக் கிருமிதான் பெரும்பாலும் காரணம். கிருமி என்றால் மருந்து உண்டு. கண்டி ஆஸ்பத்திரியில் புண்ணோடு வருகிற சனத்துக்கு எந்த மருந்தை எத்தனை நாள் கொடுத்தால் போதும் என்று மேடத்துக்குத் தெரியவேண்டும். அதைச் சனத்தின் வயிற்றிலேயே பரீட்சை பார்க்க முடியாதல்லவா? அதற்குத்தான் எலி.

மனிதருடைய கிருமி சாதாரண எலியின் வயிற்றில் தங்காது. ஆனால் அதற்குப் பூனையின் வயிற்றில் ஒரு ஒன்றுவிட்ட சகோதரம் இருக்கிறது. அது எலியில் நன்றாகத் தங்கும். பூனையின் வாயில் அகப்படாத எலிகூடப் பூனையின் கிருமியிடம் தப்பவில்லை பாருங்கள். கிருமி வளர்த்த தண்ணீரை, நுனி உருண்டையான ஊசியால் எலியின் இரைப்பைக்குள் விடவேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று தரம். நாலு கிழமை கழித்து, அந்த எலியைக் கொன்று, இரைப்பையில் ஒரு கடுகளவு எடுத்து ஒரு மஞ்சள் தண்ணீருக்குள் போட்டால், கிருமி இருந்தால் தண்ணீர் ரோசா நிறமாக மாறும். இல்லாவிட்டால் மஞ்சளாகவே இருக்கும். நான் மஞ்சள் போத்தலையே பார்த்துக்கொண்டு கதிரையில் இருக்கும் உத்தியோகத்தன்.

எலிகளைக் கொழும்பிலிருந்து நான்தான் ரயிலில் கொண்டுவந்தேன். கோட்டை ஸ்டேஷனில் ஒரு ஆமிக்காரன் பெட்டியை மறித்தான். வயது இருபதுகூட இராது. அடையாள அட்டையில் விவேகானந்தன் என்ற பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, உள்ளே என்ன என்றான். "மீயோ" என்றேன், எலி என்று சிங்களத்தில். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. மூடியைத் திறந்தேன். நாற்பது மூக்கு ஒன்றாக மேலே வந்தது. அவன் பின்னால் துள்ளியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. எதற்கு என்று கேட்டான். வயிற்றுப்புண்ணுக்கு மருந்து பார்க்க என்றேன். அவன் மூடியைத் தானே மெல்லச் சாத்தினான். பிறகு குருநாகலில் தன் அம்மாவுக்கும் சாப்பிட்டதும் நெஞ்சடியில் எரிகிறது, அந்த மருந்தின் பெயர் என்ன என்றான். ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். பெட்டியை அவனே தூக்கி வண்டிக்குள் வைத்தான். இதை உங்களுக்கு எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

இப்போது கோபத்தின் முறை. அந்த மருந்து இங்கே கிடைக்கிறது. மேடத்திடம் உங்களுடைய கதையைச் சொன்னேன், தானே எழுதித் தருகிறேன் என்றார். பதினாலு நாள் குளிசை. நீங்கள் "சரி" என்று ஒரு வரி எழுதினால் போதும், அனுப்பும் வழியை நான் பார்த்துக்கொள்கிறேன். இன்னொரு முறை இரத்தம் போனால் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓட அங்கே பெற்றோலும் இல்லை, அத்தானுடைய சைக்கிளுக்கு ரியூப்பும் இல்லை. "சரி" என்று எழுதுங்கள்.

அத்தானுக்கு எங்கள் இருவரின் அன்பும் வணக்கமும்.

உங்கள் பிடிவாதத்தில் பாதியாவது உள்ள தம்பி,
விவேகானந்தன்


சிவமயம்

அம்பிட்டிய,
கண்டி.
24.04.1994

அன்புள்ள அக்காவுக்கு,

வருடப்பிறப்புக்கு முதல்நாள் உங்கள் கடிதம் வந்தது. அதைவிட நல்ல கைவிசேஷம் எனக்கு இந்த வருடம் கிடைக்கவில்லை. "சரி, விழுங்கித் துலைக்கிறன்" என்று எழுதியிருக்கிறீர்கள். துலைத்தால் போதும். பாமா அந்த வரியை அடுப்படியில் நின்று இரண்டு தரம் உரக்க வாசித்தாள்.

அதே கடிதத்தில், "அந்தச் சின்னச் சீவனுகளுக்கு வருத்தத்தைக் குடுத்துப் பிறகு கொல்லுறது பாவமில்லையோ தம்பி" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாவம்தான், அக்கா. நான் அதை மறைக்கவில்லை. கூட்டைத் திறக்கும்போது விரலை நக்குகிற எலியை நோகாமல் கொல்லப் பழகியிருக்கிறேன். உங்களுடைய வயிற்றை நினைத்துக்கொண்டுதான் செய்கிறேன். அந்தப் பாவத்தில் உங்களுக்குப் பங்கு இல்லை, எனக்கே இருக்கட்டும்.

ஆனால் நான் பாவம் செய்தும் பலனில்லாமல் இருந்த கதையை நீங்கள் கேட்கவேண்டும். முதல் இருபது எலிகளுக்குக் கிருமி கொடுத்தோம். நாலு கிழமை கழித்துப் பார்த்தால் நாலே நாலு போத்தல்தான் ரோசா. மற்றதெல்லாம் மஞ்சள். மேடம் கிருமி செத்துவிட்டதோ என்று பார்த்தார், அது உயிரோடுதான் இருந்தது. பிறகு என் கையைப் பார்த்தார். பதினைந்து வருடம் ஊசி பிடித்த கை, அக்கா! வீட்டுக்கு வந்து பாமாவோடு காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. கிருமி கொடுக்க முந்திய நாள் பின்னேரம் நாலு மணிக்கு எலிகளின் தீனை எடுத்துவிடவேண்டும். தண்ணீர் மட்டும்தான். அடுத்த நாள் ஒன்பது மணிக்கு வயிறு வெறுமையாக இருந்தால்தான் கிருமி சுவரைப் பிடிக்கும். தீனை நானே என் கையால் எடுத்து அலுமாரியில் பூட்டினேன். ஆகவே அதில் பிழையில்லை என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று, அடுத்த முறை ஊசி போடுவதற்குச் சற்று முன்னால் ஒரு எலியைத் திறந்து பார்க்கச் சொன்னார் மேடம். திறந்தேன். இரைப்பை பந்து மாதிரி இருந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று கோதுமை மாவு, அதற்குள் தேங்காய்ப்பூ. எங்கள் எலித்தீன் கபில நிறம். இது ரொட்டி, அக்கா. நல்ல தேங்காய் ரொட்டி.

அந்தக் கட்டிடத்தில் காலையில் ரொட்டி கொண்டுவருகிறவர் ஒரே ஒருவர்தான். கூடு கழுவுகிற மூக்கையா. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ஆறு மணிக்கே இறங்கி வந்துவிடுவார். முப்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன், ஒரு நாள்கூட லீவு எடுக்காதவர். நான் அவரைக் கூப்பிட்டுக் கத்திய கத்தலை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் தலையைக் குனியவில்லை. "பசிச்சுக் கெடக்குதுங்க சார். கம்பியப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னு என்னையே பாக்குதுங்க. அதுங்க முன்னாடி நான் மட்டும் எப்பிடி ரொட்டி திங்கிறது?" என்றார். தன்னுடைய மூன்று ரொட்டியில் இரண்டைப் பிய்த்து, கூட்டுக்கு ஒரு விள்ளலாகப் போட்டிருக்கிறார். எந்தக் கூட்டுக்கு ரொட்டி போதாமல் போனதோ, அந்த நாலு எலிதான் முதல் தடவை ரோசாவாகியிருக்கவேண்டும்.

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் தானாகவே எழுபத்து நாலாம் வருடத்துக் கதையைச் சொன்னார். தோட்டங்களில் மாவும் அரிசியும் இல்லாமல் சனம் செத்த வருடம். நாங்கள் அப்போது பத்திரிகையில் வாசித்தோம், அவர் அதற்குள் இருந்தார். அவருக்குப் பதினாலு வயது. பாலம்மா என்று ஒரு அக்கா. "ராத்திரிக்கு ஆளுக்கொரு ரொட்டி சார். அக்கா வயித்துவலின்னு சொல்லி அதோட ரொட்டிய என் பக்கம் தள்ளிரும். தெனமும் வயித்துவலி. நான் நெசம்னு நெனச்சு தோட்டத்து டிஸ்பென்சரில போயி அழுது மருந்து வாங்கியாந்தேன். அதக் குடிச்சிட்டு என்னையப் பாத்து சிரிச்சிச்சு" என்றார். அடுத்த மழைக்காலத்தை அந்த அக்கா பார்க்கவில்லை. அவர் இதை அழாமல், கூட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நான் வெளியே போய்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மேடத்திடம் சொல்லாமல் விடமுடியாது. சொன்னால் மூக்கையாவின் வேலை போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பிழை எங்களுடையது என்றார். பட்டினி போடவேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோமே தவிர, ஏன் என்று அந்த மனிதருக்கு யாராவது சொன்னோமா என்று கேட்டார். பிறகு மூக்கையாவைக் கதிரையில் இருத்தி, தான் சிங்களத்திலும் நான் தமிழிலுமாக எல்லாம் விளங்கப்படுத்தினோம். அவர் நன்றாகக் கேட்டுவிட்டு, "சரிங்க. போடல. ஆனா அதுங்க திங்கிற வரைக்கும் நானும் திங்கல" என்றார். அன்றிலிருந்து ஊசி போடும் நாளில் அவருடைய ரொட்டிப் பொட்டலம் மத்தியானம் வரைக்கும் கட்டிய கட்டாக ஜன்னலில் இருக்கும். எலிகளுக்குத் தீன் போட்ட பிறகுதான் அவிழ்ப்பார். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. மிச்ச எலிகளுக்கும், புதிதாக வந்த நாற்பதுக்கும் இப்போது ஒழுங்காகக் கொடுத்து முடித்துவிட்டோம். இனி மஞ்சள் போத்தலின் பாடு.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் றீற்றா. இங்கே நேர்ஸாக இருந்தவர், தாயைப் பார்க்க யாழ்ப்பாணம் திரும்புகிறார். வவுனியாச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மருந்தைப் பறிக்காமல் இருக்க, இது ஒரு நோயாளிக்கு உரியது என்று மேடம் சிங்களத்தில் கடிதம் கொடுத்திருக்கிறார். கிளாலியில் வள்ளத்தில் நனையாதபடி பாமா மூன்று பொலித்தீன் பையில் சுற்றியிருக்கிறாள்.

கவனமாக வாசியுங்கள். மூன்று விதமான குளிசை. ஒரு நாளைக்கு நாலு முறை, சாப்பாட்டோடு. பதினாலு நாள். குளிசையோடு பால் குடிக்கவேண்டாம். எரிவுக்கு நல்லது என்று நீங்கள் ஆட்டுப்பால் குடிப்பது எனக்குத் தெரியும், குடிப்பதென்றால் இரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். வாய் இரும்பை நக்கினமாதிரிக் கைக்கும். நாக்கு கறுக்கும், வெளிக்குப் போவதும் கறுப்பாக இருக்கும். அது மருந்தின் நிறம். ஆனால் தலைசுற்றினாலோ, தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நாறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வயிற்று நோ நின்றுவிட்டது என்று இடையில் நிறுத்தவேண்டாம். அத்தான், நீங்கள் இந்த இடத்தை வாசித்தால் தயவுசெய்து பக்கத்தில் நின்று பாருங்கள்.

உங்கள் சுகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும் தம்பி,
விவேகானந்தன்


சிவமயம்

அம்பிட்டிய,
கண்டி.
17.07.1994

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. சரிபார்க்க எடுத்த ஆறு எலியும் ரோசா, ஆறுக்கு ஆறு. மேடம் கைதட்டினார். மூக்கையா போத்தல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக்கும் அந்த ரொட்டிதானா சார்" என்றார். மேடம் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். ஆராய்ச்சியைப் பற்றி எழுதும்போது நன்றி சொல்கிற இடத்தில் அவருடைய பெயரும் வருமாம். பெயரின் எழுத்தைச் சரியாகப் போடவேண்டும் என்று மேடம் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். பாமாவும் நானும் சுகம். இங்கே மழை விட்டு மலையெல்லாம் பச்சை. எனக்கு இந்த மாதம் வேலைக்குப் போவதே ஒரு சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் உங்கள் கடிதம் வந்தது. "ஒரு மாசம் நல்ல சுகம், இப்ப திரும்பவும் கொஞ்சம் எரியுது, மருந்து பிழையில்லை தம்பி, என்ரை வயிறுதான் பிழை" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் மருந்துதான் பிழையோ என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். பிறகு கடிதத்தைத் திருப்பினால், ஓரத்தில் எறும்பு ஊர்ந்தமாதிரி அத்தானுடைய எழுத்து. "வெள்ளிக்கிழமை இரண்டும் உன்ரை கொக்கா குளிசை போடேல்லை. சாப்பிடாமல் எப்பிடிப் போடுறது எண்டு கேட்டா. பத்தாம் நாள் நோ நிண்டிட்டுது. மிச்சத்தைக் கந்தையா மாஸ்டருக்குக் குடுத்திட்டா, அவருக்கும் உதே வருத்தமாம்."

அக்கா! குளிசையையும் பங்குபோட்டுச் சாப்பிடுகிற மனுஷியை நான் உலகத்தில் கண்டதில்லை. எனக்குக் கோபத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கந்தையா மாஸ்டருக்கு ஆறு நாள் மருந்து. உங்களுக்கு வெள்ளியைக் கழித்து எட்டு நாள் மருந்து. உங்கள் இரண்டு பேருடைய வயிற்றிலும் கிருமி சிரித்துக்கொண்டு இருக்கும்.

நான் சும்மா சொல்லவில்லை. இதே காரியத்தை எலியில் பார்த்துவிட்டோம். கண்டி ஆஸ்பத்திரிக்கு வருகிற சனமும் நோ நின்றதும் குளிசையை நிறுத்திவிடுகிறதென்று மேடம் அதற்கென்றே ஒரு கூட்டம் எலிகளை வைத்திருந்தார். பதினைந்து எலிகளுக்குப் பதினாலு நாளும் மருந்து. இன்னொரு பதினைந்துக்குப் பத்தாம் நாளோடு நிறுத்தம். ஒரு மாதம் விட்டுத் திறந்து பார்த்தோம். முழுதாக எடுத்த பதினைந்தில் பதினாலு போத்தல் மஞ்சளாகவே நின்றது. பாதியில் விட்டதில் பதினொன்று, நான் பார்த்துக்கொண்டிருக்கவே, ஒவ்வொன்றாக ரோசாவாகியது. வேறு நேரமென்றால் அழகான நிறம் என்று சொல்லியிருப்பேன். ஒவ்வொரு போத்தலும் மாற மாற எனக்கு உரும்பிராய் வீடுதான் கண்ணுக்குள் நின்றது.

ஆகவே திரும்பவும் முதலிலிருந்து. கிருமி பழைய மருந்துக்குப் பழகியிருக்கலாம் என்று மேடம் ஒரு குளிசையை மாற்றியிருக்கிறார். றீற்றா இடையில் ஒரு அலுவலாக வந்திருக்கிறார், வருகிற வியாழக்கிழமை திரும்புகிறார். இந்தத் தடவை இரண்டு பொதி. ஒன்றில் உங்கள் பெயர், மற்றதில் கந்தையா மாஸ்டர் பெயர். அவருக்குப் பதினாலு நாளுக்கும் தனியாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒருக்கால் காட்டிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். உங்களுடையதிலிருந்து ஒன்றுகூடக் கொடுக்கவேண்டியதில்லை. மூன்றாவதாக யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் படலையடியில் வந்து நின்றால் பெயரை எனக்கு எழுதுங்கள், அனுப்புகிறேன். நீங்கள் வைத்தியசாலை நடத்தவேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். உங்களுக்குள் இருக்கிற பயம் எனக்குத் தெரியும். ஒரு வெள்ளி சாப்பிட்டுவிட்டால், இங்கே கண்டி ரோட்டில் எனக்கு ஏதாவது நடந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். பதினொரு வருடமாக நான் ஒவ்வொரு சோதனைச் சாவடியையும் தாண்டி வீட்டுக்கு வருவது உங்களுடைய பட்டினியால்தான் என்று நம்புகிறீர்கள். அது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாருக்குத் தெரியும், அதனாலும் இருக்கலாம்.

அதனால் நேர்த்தியை முறிக்கச் சொல்லவில்லை. அதை என்னிடம் தாருங்கள். எனக்காக வைத்ததுதானே. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் ஐயரிடம் போய்க் கேட்டேன். அக்காவுக்கு வருத்தமென்றால் அவருடைய விரதத்தைத் தம்பி பிடிக்கலாம், தெய்வம் கோபிக்காது என்றார். நீங்கள் எந்தத் தேதியில் குளிசை தொடங்குவீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆகவே றீற்றா புறப்படுகிற கிழமையிலிருந்து, "முடித்துவிட்டேன்" என்று உங்கள் கடிதம் என் கைக்கு வரும்வரை ஒவ்வொரு வெள்ளியும் நான் பட்டினி. மூக்கையாவிடம் சொன்னேன். "அப்ப நானும் இருக்கேன் சார். நமக்குப் பழக்கம்தானே" என்றார். வேண்டாம் என்றேன். அவர் நான் சொல்லி எதைக் கேட்டார், இதைக் கேட்க? எனக்குப் பசி தாங்காது என்று உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? கடிதத்தைக் கெதியாகப் போடுங்கள். செஞ்சிலுவைக்காரர் தாமதித்தால் பாமா என்னை அடையாளம் கண்டுபிடிக்கமாட்டாள்.

இன்னொன்று. மூக்கையா அந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து இதை எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், போன கடிதத்தில் முடியவில்லை. அப்பா செத்த வருடம் உங்களுக்கு வேலை கிடைத்திருக்கவில்லை. எனக்குப் பதின்மூன்று வயது. இரவில் ஒரு நீத்துப்பெட்டிப் பிட்டு இறக்குவீர்கள். என் கோப்பையில் போட்டுவிட்டு, "எனக்கு வயிறு சரியில்லை, நீ சாப்பிடு" என்பீர்கள். வாரத்தில் நாலு நாள் உங்களுக்கு வயிறு சரியில்லை. நான் நம்பினேன், அக்கா. நம்பியதுமட்டுமா, இன்னும் கொஞ்சம் சம்பல் இருக்கா என்றும் கேட்டேன். மூக்கையாவாவது ஓடிப்போய் மருந்து வாங்கிவந்தார். நான் அதுவும் செய்யவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படிக்கப் போய்விட்டேன். படித்துத்தான் இந்த உத்தியோகத்துக்கு வந்தேன்.

அந்த மருந்தைத்தான் இப்போது அனுப்புகிறேன், இருபத்தைந்து வருடம் பிந்தி. அன்றைக்கு உங்கள் வயிற்றில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது. பதினாலு நாள்தான். வியாழனும் சாப்பாடு, வெள்ளியும் சாப்பாடு. யாரும் படலையடியில் நிற்கவில்லை, நானும் வளர்ந்துவிட்டேன், எனக்கு இங்கே சோறு இருக்கிறது.

உங்களுடைய பங்கை இந்தமுறை நீங்களே சாப்பிடுங்கோ, அக்கா.

உங்கள் தம்பி,
விவேகானந்தன்